பதினோராவது பங்கு

பட்டினசபையின் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் எங்கள் கிணற்றடியில் சிவப்பு மை பூசிய முளைக்கட்டை ஒன்றை அடித்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். அடுத்தநாள் திரும்ப அடித்தார். திரும்பவும் பிடுங்கினேன். மூன்றாம் நாள் அவர் கையில் சுத்தியலோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உதைப் பிடுங்கிறதாலை பிளான் மாறாது. அது கொழும்பிலை கீறினது."

"கீறினவரைக் கூட்டிக்கொண்டு வாரும். ஒரு நாள் இந்த வெயிலுக்கை என்ரை கத்தரிக்குத் தண்ணி கட்டட்டும். பிறகு போய்க் கீறட்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வாய் பொல்லாதது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்கத் தேவையில்லை. அந்த வாயால்தான் இந்தக் கதையில் பாதி நடந்தது.

அறுபத்தாறாம் ஆண்டு அது. எங்கள் மாங்கொல்லைச் சந்தியைப் புதிதாக்கப் போவதாகப் பட்டினசபை தீர்மானித்தது. கூரை போட்ட பஸ் நிலையம், சீமெந்துச் சந்தை, இரண்டு பக்கமும் கடைவரிசை, பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை. எல்லாம் நல்ல விஷயந்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பஸ் வந்து திரும்புவதற்கு அவர்கள் குறித்த இடத்தின் நட்டநடுவில் எங்கள் கிணறு இருந்தது. அதை மூடினால்தான் பஸ் திரும்பும்.

எங்கள் கிணறு என்றால் பதினொரு பங்குள்ள கிணறு. எங்கள் பக்கத்தில் தோட்டக் கிணறு ஒருவருக்கே சொந்தமாக இருப்பது குறைவு. காணியோடு கிணற்றில் ஒரு பங்கு வரும். தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் ஒரு பங்கு வரும். இறைப்பதற்கு ஒரு முறை வரும். காலையில் ஒருவர், பின்னேரம் ஒருவர் என்று ஆறு நாளுக்கு ஒருதரம் என் முறை. சந்தி வளர வளர மற்றவர்களின் தோட்டங்கள் கடைகளாகவும் சைக்கிள் திருத்துகிற இடமாகவும் விறகு அடுக்கி விற்கிற விறகுகாலையாகவும் மாறிப்போயின. கடைசியில் அந்தத் தண்ணீரை நம்பித் தோட்டம் செய்தது நான் ஒருத்திதான். மூன்று பரப்புக் காணி, கால் ஏக்கர்கூட வராது. கத்தரியும் மிளகாயும் நட்டு, ஒரு மூலையில் நாற்றுமேடை போட்டு நாற்று விற்றேன். என் கணவர் முருகேசு பாரிசவாதம் வந்து மூன்றாவது வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நிற்கும். வேறு கிணறு வெட்டலாம்தானே என்று புத்தி சொல்ல வந்தவர்களும் உண்டு. கல்லுக்கு வெடி வைத்து இருபது முழம் இறங்கி, வருவது நல்ல தண்ணீரோ உவரோ என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எங்கே வழி?

அரசாங்கம் நினைத்தால் கட்டாயப்படுத்தியும் எடுக்கலாம். ஆனால் அது வருஷக்கணக்காக இழுபடும். அதற்குள் ஒதுக்கின பணம் வேறு ஊருக்குப் போய்விடும். ஆகையால் பங்காளிகள் எல்லோரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், வைத்தால் மந்திரி வந்து கல் நடுவார் என்று சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் வைக்கவேண்டும். பட்டினசபைக்குச் சேர்மன் என் கூடப்பிறந்த அண்ணை, அருளம்பலம்.

அண்ணை முதல்தரம் தனியாக வந்தார். நீலக் கடதாசியில் கீறிய பிளானைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, என் தோட்டத்துக் கொட்டிலில் இருந்த பெட்டியின் மேல் விரித்தார். காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் நான்கு கத்தரிக்காய் வைத்தார். அதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. கோடுகள் அவ்வளவு நேராக இருந்தன.

"கிணறு எங்கை அண்ணை?"

அவர் விரலை நடுவில் வைத்தார். அங்கே ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"இஞ்சைதான் பஸ் திரும்பும்."

"கிணத்தைச் சுத்தித் திரும்பட்டுமன். வட்டமாய்த்தானே கீறியிருக்கு."

"கேட்டுப் பார்த்தனான் பிள்ளை. கீழை முழுக்கக் கல்லுப் பொந்து. கிணத்தை விட்டால் பஸ்ஸின்ரை பாரத்துக்கு ஓரம் இடியும் எண்டு இஞ்சினியர் எழுதிப்போட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன கார்த்திகை ஆழ்வாப்பிள்ளை நொத்தாரிசின்ரை பேத்தி பிள்ளைத்தாச்சியா மழைக்கை ரெண்டு மணித்தியாலம் நிண்டது. நீயும் பார்த்தனி. ஒதுங்க ஒரு ஓலைக்கூரை இல்லை இந்தச் சந்தியிலை."

"பார்த்தனான். என்ரை பிள்ளையளும் அந்த மழைக்கைதான் நிக்குதுகள். நனைஞ்சால் துடைக்கலாம் அண்ணை. பசிச்சால் என்ன செய்யிறது?"

அவர் பிளானைச் சுருட்டினார். கத்தரிக்காய் நான்கையும் நான் அவருடைய பையிலேயே போட்டு அனுப்பினேன். அன்றைக்கு நாங்கள் இன்னும் அண்ணன் தங்கைதான்.

பத்து நாளில் மற்றவர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அவர்களுக்கென்ன, பஸ் நிலையம் வந்தால் கடைக்கு வியாபாரம். அதன்பிறகு எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. சந்தையில் நாற்றுக் கட்டைக் கொண்டுபோய் வைத்தால் வழக்கமாக வாங்குகிறவர்கள் விலை கேட்காமலே தாண்டிப் போனார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் என் காதில் விழும்படி, "ஒருத்தியின்ரை கத்தரிக்காக ஒரு ஊர் நனையுது" என்றார். துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கக் கூலிக்கு வருகிறவர் ஒருநாள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, இனி வரமுடியாது என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு என் முறைக்கு நானே தனியாக வாளியால் அள்ளி வாய்க்காலில் ஊற்றினேன். உள்ளங்கை கிழிந்தது.

அடுத்த வாரம் விடியப் போய்ப் பார்த்தால் நாற்றுமேடை இரண்டை யாரோ காலால் உழக்கியிருந்தார்கள். செருப்புக்கால் அடையாளம் மண்ணில் அப்படியே இருந்தது. துலாக்கயிறும் அறுந்து கிடந்தது. சந்தி நடுவில் போய் நின்று, உழக்கினவனின் கால் புழுக்கும் என்று மண் அள்ளித் தூற்றினேன். கடைக்காரர் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் அண்ணை இரண்டாந்தரம் வந்தார். இந்தமுறை அவருடைய மனைவி, மச்சாள் இராசமலரும் கூட வந்தா. என் கணவரின் கட்டிலடியில் இருவரும் இருந்தார்கள். நான் நின்றேன்.

"உழக்கினது ஆரெண்டு பொலிசிலை சொல்லிப் பிடிக்கிறன்" என்றார் அண்ணை.

"பிடிச்சு என்ன செய்யப்போறியள்? நீங்கள் கிணத்தையே மூடப்போறியள். அவன் ரெண்டு மேடையைத்தானே மூடினவன்."

மச்சாள் இடையில் வந்தா. "எல்லாரும் வைச்சிட்டினம் மச்சாள். நீங்கள் ஒராள் மறிச்சால் ஊர் இவரைத்தான் தின்னும். இப்பவே தங்கச்சிக்காரியைச் சமாளிக்க ஏலாதவன் எண்டு கதைக்கினம்."

படுக்கையில் இருந்து என் கணவரும், "வைச்சு விடன் பராசக்தி" என்று குழறினார். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. வீட்டுக்குள்ளும் எனக்கு ஆள் இல்லையா என்று தலைக்கு ஏறியது. அண்ணையை அதுவரை நீங்கள் என்றுதான் சொல்லி வந்தேன். அன்று அது போய்விட்டது.

"அப்புவின்ரை கிணத்தை மூடி அதுக்கு மேலை உன்ரை பேர்க்கல்லை நடப்போறாய். ஒரு சேர்மன் கதிரைக்காகத் தங்கச்சியின்ரை சீதனத்திலை கை வைக்கிறாய். உனக்கு வெக்கமில்லையோ? அப்பு எனக்குத் தந்த பங்கு அது. உன்னாலை அதைத் தொட ஏலாது."

அண்ணையின் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். திருப்பி ஏசுவார் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எழும்பி, "வாரும், போவம்" என்று மச்சாளிடம் சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார். சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மந்திரி வருவதாக இருந்தது. அதற்கு முந்திய புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டினசபைக் கூட்டம். அன்று நான்கு மணிக்குள் கடிதங்கள் அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போய்ச் சேராவிட்டால் மந்திரியின் கார் வேறு சந்திக்குத் திரும்பும் என்று அறிவித்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்க்கச் சனங்கள் பின்வரிசை வாங்குகளில் உட்காரலாம், கதைக்கக்கூடாது. நான் என் சீதன உறுதியை, காணி எழுதின பத்திரத்தை, எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த உறுதியைப் பற்றிச் சொல்லவேண்டும். கலியாணத்தன்று மஞ்சள் துணியில் சுற்றி என் கையில் தந்தது, பத்தொன்பது வருஷம் றங்குப்பெட்டியின் அடியில் இருந்தது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் வெளியே எடுத்து, துணிக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, புத்தகங்களோடு பூசைக்கு வைத்து, திரும்ப உள்ளே வைப்பேன். விரித்ததில்லை. உறுதியைச் சும்மா விரித்தால் காணி கைமாறும் என்று அம்மா சொல்லுவா. எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள்தான். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பெண்களின் உறுதியும் அப்படித்தான் கிடந்தது. சாமியைப்போல வைத்துக் கும்பிட்டோமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தியும் பார்க்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. மேசையின் தலைப்பில் அண்ணை. பக்கத்தில் செக்கிரட்டரி செபமாலை பைல்களோடு. மற்றப் பக்கத்தில் உபதலைவர் பரமலிங்கம், சந்தியில் பெரிய புடவைக்கடைக்காரர். பின்வரிசை வாங்கில் எனக்கு இரண்டு ஆள் தள்ளி, ஆழ்வாப்பிள்ளை நொத்தாரிசு கைத்தடியை முழங்காலில் குத்திக்கொண்டு இருந்தார். ஊரில் பாதி உறுதி அவர் எழுதினது. என்னுடையதும் அவர் கையெழுத்துத்தான்.

செக்கிரட்டரி எழும்பி வாசித்தார். பத்துப் பேர் சம்மதம். பதினோராவது பங்காளி பராசக்தி முருகேசு சம்மதிக்கவில்லை. மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பரமலிங்கம் தொண்டையைச் செருமினார். "அவவுக்குப் பங்கு இருக்கெண்டதுக்கு என்ன அத்தாட்சி? உறுதியை ஆரும் பார்த்தனீங்களோ?"

"பார்க்கத் தேவையில்லை" என்றார் அண்ணை. "பங்கு இருக்கு. எனக்குத் தெரியும்."

"சேர்மனுக்குத் தெரிஞ்சால் காணுமோ? சபைக்குத் தெரியவேண்டாமோ?"

"நான் சொல்லுறன், பரமலிங்கம். உதை விட்டிட்டு மற்ற விஷயத்துக்கு வாரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணை என் உறுதியை வெளியே வரவிடாமல் அமுக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. என் பங்கு கறுப்பு எழுத்தில் சபைக்கு முன்னால் வாசிக்கப்பட்டால் பிறகு ஒருவனும் என்னை அசைக்க முடியாது, அதனால்தான் தடுக்கிறார் என்று நினைத்தேன். கதைக்கக்கூடாது என்ற சட்டத்தை மறந்து எழும்பினேன்.

"ஏன் பார்க்கத் தேவையில்லை? இந்தா, கொண்டு வந்திருக்கிறன். எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ."

அண்ணை கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினார். "பராசக்தி, அதை மடிச்சு வை."

"மடிக்க மாட்டன்."

"நான் சொல்லுறதைக் கேள், பிள்ளை. வீட்டை கொண்டு போ."

"அவ தாறன் எண்டு நிக்கிறா, நீர் ஏன் மறிக்கிறீர்?" என்றார் பரமலிங்கம். மெம்பர்மார் ஓம் ஓம் என்றார்கள். நான் மஞ்சள் துணியை அவிழ்த்து, உறுதியை ஆழ்வாப்பிள்ளை நொத்தாரிசின் மடியில் வைத்தேன். "நீங்கள் எழுதினது. நீங்களே வாசியுங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டார். தாளை விரித்து முதலில் கண்ணால் ஓட்டிப் பார்த்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார். பிறகு வாசித்தார். காணியின் பெயர், பரப்பு மூன்று. கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாருடைய காணி, மேற்கு இன்னாருடைய காணி, தெற்கு றோட்டு. இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய நிலமும் பயன்மரங்களும் முழுவதும். அதோடு நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிணறு?" என்றேன்.

"இதிலை கிணறு எழுதேல்லை, பிள்ளை."

"திருப்பி வாசியுங்கோ."

திருப்பி வாசித்தார். நிலமும் பயன்மரங்களும். கிணறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. நான் தாளைப் பறித்து நானே பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, ஆனால் அந்தச் சொல் இல்லை என்பது தெரிந்தது. பத்தொன்பது வருஷம் நான் வைத்த சந்தனத்தின் மஞ்சள் கறை மடிப்பு வரைக்கும் ஊறியிருந்தது. அவ்வளவு சனத்துக்கு முன்னால் எனக்கு உடுப்பு அவிழ்ந்ததுபோல வெட்கமாக இருந்தது.

பரமலிங்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப அந்தப் பங்கு ஆரின்ரை?"

"தகப்பன்ரை ரெண்டு பங்கும் மகன்ரை பேரிலைதான் நிக்குது" என்றார் நொத்தாரிசு.

"அப்ப பேர் விபரத்திலை பதினோராவது பேர் எப்பிடி வந்தது, செக்கிரட்டரி?"

செபமாலை பைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உறுதியளின்படி பத்துப் பேர்தான் ஐயா. பதினோராவது பேரைச் சேர்மன் தன்ரை கையாலை எழுதினவர்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணைக்கு என் கையெழுத்துத் தேவையே இல்லை. முதல் நாளே கிணற்றை மூடியிருக்கலாம், நான் நாய் மாதிரிக் குலைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். தேவையில்லாத ஒரு கையெழுத்துக்காக இரண்டுதரம் என் வீட்டுக்கு வந்து என் வாயால் அவ்வளவும் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

"நல்லதாப் போச்சு" என்றார் பரமலிங்கம். "ரெண்டு பங்கும் சேர்மன்ரை. இன்னொரு கையெழுத்தை வையும், விஷயம் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை மாலையோடை நிப்பம்."

சம்மதக் கடிதத்தை அவரே அண்ணைக்கு முன்னால் தள்ளிவைத்தார். அண்ணை அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி நின்றார்.

"இது மறந்து விட்டதில்லை" என்றார். "அப்பு சாகேக்கை கிணத்திலை ஒரு பங்கு தங்கச்சிக்கு எண்டு என்னட்டைச் சொன்னவர். உறுதி எழுதேக்கை நொத்தாரிசு என்னைக் கேட்டவர், கிணறு போடட்டோ எண்டு. எனக்கு இருபத்திமூண்டு வயசு. காணி போகுது, தண்ணியாவது கையிலை இருக்கட்டும் எண்டு நினைச்சு வேண்டாமெண்டனான். வேணுமெண்டுதான் செய்தனான். அவள் இறைக்கேக்கையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தனான், எழுதிக் குடுக்கேல்லை. ஒருக்கால் எடுத்திட்டன். ரெண்டாந்தரம் எடுக்க மாட்டன்."

"ஊர்க்காரியம் இது, உம்மடை குடும்பக்கதை இல்லை" என்று பரமலிங்கம் மேசையில் தட்டினார்.

"ஊர்க்காரியத்துக்கு என்ரையைக் கேளும், தாறன். தந்தும் போட்டன். இது என்ரையில்லை." அண்ணை நொத்தாரிசின் பக்கம் திரும்பினார். "அம்மான், முத்திரைத்தாள் எடுப்பியுங்கோ. இப்பவே அவளின்ரை பேருக்கு எழுதுங்கோ. பிறகு அவள் விருப்பம்."

மெம்பர்மார் கத்தினார்கள். சிலர் வெளியே போனார்கள். ஆழ்வாப்பிள்ளை நொத்தாரிசு யாருடனும் கதைக்காமல், சபையின் பக்கத்து அறையில் இருந்து எழுதினார். பழைய உறுதிகளைப் பார்த்துப் பார்த்து எழுதியதால் மத்தியானம் தாண்டிவிட்டது. செபமாலை ஒரு சாட்சி, இன்னொரு மெம்பர் மற்றச் சாட்சி. கிணற்றில் பதினொன்றில் ஒரு பங்கும் வழிவாய்க்காற் பங்கும் என்று இந்தமுறை ஒவ்வொரு சொல்லாக நானே வாசித்தேன். வாசித்துப் பார்த்துத்தான், அண்ணை வைத்த கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தை வைத்தேன்.

மணி மூன்றேகால். செபமாலை சம்மதக் கடிதத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் பேனை. கச்சேரிக்குப் போகிற கார் வாசலில் இயந்திரம் நிறுத்தாமல் நின்றது. சனங்கள் ஜன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா" என்றார் பரமலிங்கம், குரலில் சீனி போட்டு. "உங்கடை அண்ணை உங்களுக்காக இவ்வளவு செய்திட்டார். இனி நீங்கள் ஊருக்காக ஒண்டு செய்யுங்கோ."

எல்லோரும் நான் வைப்பேன் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும். அண்ணன் அப்படிக் கொடுத்தால் தங்கை இப்படிக் கொடுப்பாள், சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். நானும் ஒரு நிமிஷம் பேனையைக் கையில் எடுத்தேன். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. அவர் ஒரு கண்சாடை காட்டியிருந்தால் வைத்திருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்தார்.

எனக்கு முருகேசுவின் ஞாபகம் வந்தது. பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. அதற்கு மேலே கோபமும் வந்தது. ஏன் ஒளிக்கவேண்டும்? பத்தொன்பது வருஷம் என்னுடையது என்று நினைத்து இறைத்த தண்ணீர் என்னுடையதாக இருக்கவில்லை. அது என்னுடையதாகி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதற்குள் தா என்கிறார்கள்.

பேனையைத் திரும்ப மேசையில் போட்டேன். "மாட்டன்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. செபமாலை குனிந்து, "என்ன அம்மா?" என்றார்.

"மாட்டன். எனக்குத் தண்ணி வேணும்."

அண்ணை மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "எழுதும் செபமாலை" என்றார். "பங்காளி சம்மதிக்கவில்லை. கூட்டம் முடிஞ்சுது." கதிரையைத் தள்ளிவிட்டு முன்வாசலால் போனார். அவருக்கு விலத்தி விட்டவர்களில் ஒருவர் அவருடைய காலடியில் துப்பினார்.

மந்திரி வெள்ளிக்கிழமை எங்கள் சந்தியால் போனார், நிற்கவில்லை. பஸ் நிலையம் நான்கு மைலுக்கு அப்பால் வேறொரு சந்திக்குப் போனது. தங்கச்சிக்காக ஊரை விற்றவன் என்று சுவரில் எழுதினார்கள். ஐப்பசியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து ஆறுக்கு மூன்றாக அண்ணையை இறக்கிவிட்டு, பரமலிங்கம் சேர்மன் ஆனார். மச்சாள் என்னைக் கோயிலில் கண்டால் மற்ற வீதியால் போனா. அண்ணை என்னோடு கதைக்கவில்லை. நானும் போகவில்லை. போய் என்ன சொல்வது? கையெழுத்து வைத்திருக்கலாம் என்று சொன்னால் பொய். வைக்காதது சரி என்று சொன்னால் அவருடைய நெஞ்சில் குத்துவது. என் வாய்க்கு முதல்தரம் வேலை இல்லாமல் போனது. தோட்டம் மட்டும் நன்றாக வந்தது.

கார்த்திகை இரண்டாம் கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும், மழை அடித்து ஊற்றியது. நான் றோட்டோரத்துக் கொட்டிலில் ஒதுங்கி நின்றேன். சந்தியில் முப்பது நாற்பது பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். சாக்கைத் தலையில் போட்டவர்கள், வாழையிலை பிடித்தவர்கள், ஒன்றும் இல்லாதவர்கள். அவர்களுக்குள் அண்ணை நின்றார். குடை இல்லை. வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. ஒருவரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. மழைக்குள் இறங்கி ஓடினேன்.

"அண்ணை, கொட்டிலுக்கை வந்து நில்லுங்கோ. பஸ் வரத் தெரியுந்தானே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். நான்கு பேர் நெருக்கி நிற்கலாம், அவ்வளவுதான் அது. கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "பிள்ளையைக் கொண்டு அந்தக் கொட்டிலுக்கை போம்" என்றார். பிறகு இருமிக்கொண்டு நின்ற ஒரு கிழவரை அனுப்பினார். பிறகு புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்ற இரண்டு பள்ளிக்கூடப் பெட்டைகளை. அவர்கள் போய் நின்றதும் கொட்டில் நிறைந்துவிட்டது. அண்ணை நின்ற இடத்திலேயே நின்றார்.

எனக்கும் அங்கே இடம் இல்லை. நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மற்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். இன்றைக்குக் கேட்டாலும் நான் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன். ஆனால் அந்த முக்கால் மணித்தியாலம் முழுவதும், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, இவர்களை நனைய வைத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணைக்கும் தெரிந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

பஸ் வந்தது. எல்லோரும் இடித்துக்கொண்டு ஏறினார்கள். அண்ணை கடைசியாகப் படியில் கால் வைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"போய்த் தலையைத் துடை, பிள்ளை" என்றார். "தடிமன் பிடிக்கப்போகுது."

நான்கு மாதத்தில் அவர் என்னோடு கதைத்த முதல் கதை அது. நான் ஓம் என்றேன். கொண்டக்டர் மணியை அடித்தார், பஸ் போய்விட்டது.